நாட்காட்டியின் சிவப்பு எண்கள்

தமிழ்நாட்டில் நாட்காட்டி தொங்காத சுவர் அரிது. அடுக்களையிலும், மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலும், பள்ளிவாசல் நடையிலும், திருக்கோயில் அலுவலகத்திலும் அது தொங்குகிறது. நாளுக்கொரு தாளைக் கிழிப்பதன்றி வேறு கவனம் எதனையும் நாம் அதற்குத் தருவதில்லை. ஆயினும் அன்றாடம் புழங்கும் பொருள்களுள் இத்துணைச் செறிவாக வடிவமைக்கப்பட்டது பிறிதொன்று உண்டா எனக் கேட்டால் விடை சொல்லுதல் எளிதன்று. கண்ணாடி அணியாத பாட்டியும் எதிர்ச்சுவரிலிருந்து படிக்கத்தக்க பெரிய எண் நடுவில் நிற்கிறது. அதனைச் சூழ்ந்து தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, கிழமை, திதி, நல்ல நேரம், இராகு காலம், பொன்மொழி ஆகியன தத்தம் கட்டங்களில் அமர்ந்திருக்கின்றன. பல சமயத்தாரும் ஒரே தாளில் தமக்கு வேண்டியதைக் கண்டுகொள்கின்றனர். ஒருவர்க்கு உரியது மற்றவர்க்கு இடைஞ்சலாவதில்லை. நாள் முடிந்த பின்னும் தாளின் பயன் முடிவதில்லை. பின்புறம் வெறுமையாக இருந்தால் அது பால் கணக்காகவும், கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டாகவும், பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கும் தாளாகவும் இன்னொரு நாள் வாழ்கிறது.

கலை என்றவுடன் நம் மாணவர்க்குச் சிற்பமும் ஓவியமும் கோபுரமும் நினைவுக்கு வருகின்றன. தவறில்லை. ஆனால் தூக்குவாளியின் மூடியே குழம்புக் கிண்ணமாவதும், பனையோலைக் கொட்டான் கருப்பட்டியைக் காற்றோட்டமாக வைத்திருப்பதும், வழிப்போக்கன் உட்காரும் உயரத்தில் திண்ணை அமைவதும் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்துச் செய்த வேலைகளே. ஒரு சிறு பொருள் தன் கடமையைச் செவ்வனே செய்யும்போது உள்ளத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி பிறக்கிறது. செலவில்லாத இம்மகிழ்ச்சியைச் செய்து தருவோர் பலர் நம் மாவட்டத்தில்தான் வாழ்கின்றனர் என்பதும், அவர்கள் வாழ்வில் அது எந்த அளவுக்குக் கிட்டுகிறது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கன.

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த மண். வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் சோளமும் விளைந்தால் உண்டு; இல்லையேல் இல்லை. மழையின்மை உழவனுக்குக் கேடாயினும், ஈரம் ஆகாத தொழில்களுக்கு அதுவே வாய்ப்பாயிற்று. தீக்குச்சி உலரவும், வெடிமருந்து காயவும், அச்சிட்ட தாள் சுருங்காமல் இருக்கவும் வறண்ட காற்று உதவியது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்குப் படம் வேண்டியிருந்தது. படத்திற்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததால் நாட்காட்டியும் வாழ்த்து அட்டையும் வந்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்றும் இவ்வாறு ஒன்றையொன்று ஈன்றன என்னலாம்.

தீப்பெட்டியைச் சற்று உற்று நோக்குவோம். உராய்ந்தால் எங்கும் பற்றிக்கொள்ளும் பழைய தீக்குச்சி ஆபத்தானது. 1844இல் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் குஸ்தாவ் எரிக் பாஷ், பற்றும் பொருள்களை இரண்டாகப் பிரித்து, சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் எஞ்சியதைக் குச்சியின் தலையிலும் வைக்கும் வழியைக் கண்டார். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை அமைதி. நாம் வேண்டும்போது மட்டும் நெருப்பு. அந்த எண்ணம் இன்றும் நம் அடுப்பங்கரையில் அப்படியே இருக்கிறது. 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயாயிற்று. பதினான்கு ஆண்டுகள் விலை ஏறாத பொருள் நம் வீட்டில் வேறு எது? அந்த விலை ஏறாமைக்கு யாருடைய விரல்கள் ஈடு கொடுத்தன என்று நாம் கேட்டதில்லை.

அதன் மேலட்டைப் படமோ எழுத்தறியாதார்க்கும் உரிய இலக்கியம். வாங்குபவர் பெயரைப் படித்துக் கேட்பதில்லை. அணில், சேவல், காகம், தாமரை, மயில் எனப் படத்தைச் சொல்லிக் கேட்பார். ஆகவே ஓவியர் தபால்தலையைவிடச் சற்றே பெரிய இடத்தில், நான்கைந்து வண்ணங்களுக்குள், பத்தடி தொலைவிலிருந்து அடையாளம் தெரியும் உருவத்தை வரைந்தாக வேண்டும். அவ்வோவியர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்களுக்கு விருது வழங்கியவர்கள் சிறுவர்களே. தெருவில் கிடந்த தீப்பெட்டி அட்டைகளைக் கிழித்துச் சேர்த்து, சீட்டுக் கட்டுபோல் அடுக்கி, பந்தயம் வைத்து விளையாடிய தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது. இரண்டு பெட்டிகளை நூலால் இணைத்துத் தொலைபேசி செய்தோம். பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புகைவண்டி விட்டோம். விளையாட்டுப் பொருளுக்கெனத் தனியே காசு கேட்கத் துணியாத வீடுகளில் தீப்பெட்டியே பொம்மைக் கடையாக இருந்தது.

அதே காலத்தில், அதே வயதுச் சிறுவர் சிறுமியர் பலர் இவ்வட்டாரத்தில் தீப்பெட்டியோடு விளையாடவில்லை. தீப்பெட்டி செய்தனர் என்பதை மறைத்து எழுதுதல் அறமன்று. விடியுமுன் வந்து நிற்கும் வண்டியில் ஏறிப்போய்ச் சட்டங்களில் குச்சி அடுக்கினர். 'கட்டை அடுக்குதல்' என்பது வட்டார வழக்கு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிற்கூடங்களைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்திற்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை உடையவர் செலுத்த வேண்டும் என்றது. பின்னர் அப்பிள்ளைகளின் தம்பி தங்கையர் பள்ளிக்கு வந்தனர்; பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. (அந்த முதலிடத்திற்காக நடந்த காலைச் சிறப்பு வகுப்பையும் மாலைச் சிறப்பு வகுப்பையும் நினைத்தால், பிள்ளைகளின் ஓய்வு பற்றியும் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.)

ஓய்வு என்னும் சொல்லை நம் சமூகம் ஐயத்தோடுதான் பார்க்கிறது. திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் உண்டு; ஓய்வுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. சும்மா இருப்பவனைச் சோம்பேறி என்பது நம் வழக்கு. ஆனால் தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல் ஆகிய சொற்களை ஒரே வரிசையில் வைத்து, இருப்பது நுணுகுதல் என்னும் பொருளை அவற்றுக்குத் தருகிறார். இன்று ஆய்வு ஒரு திசையிலும் ஓய்வு ஒரு திசையிலும் போய்விட்டன. ஆய்வுக்குப் பட்டம் தருகிறோம். ஓய்வுக்குப் பழி தருகிறோம். ஒரு காலத்தில் அவை உடன்பிறந்த சொற்களாக இருந்தன என்பதை மாணவர்கள் அறிவது நன்று.

இனி எம். புதுப்பட்டிக்குச் செல்வோம். நம் மாவட்டத்தில் புதுப்பட்டிகள் பல, முன்னெழுத்தே அடையாளம். சிவகாசி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும், வேலங்காட்டினூடே, சிறு சிறு அறைகள் தள்ளித் தள்ளி நிற்பதைக் காணலாம். சாலையில் செல்வோர் கண்ணுக்கு அவை ஆளில்லாக் காவல் கொட்டகைகள்போல் தோன்றும். அவையே பட்டாசு செய்யும் அறைகள். எம் கருத்தில், இம்மாவட்டத்தின் மிகச் சிறந்த வடிவமைப்பு தீப்பெட்டிப் படமோ நாட்காட்டியோ அன்று, அவ்வறைதான். ஓர் அறைக்கு நால்வர். மருந்து கலக்கும் அறையாயின் இருவர். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கின்றன. எவர் எங்கு அமர்ந்திருந்தாலும் ஓரிரு எட்டில் வெளியேறிவிடலாம். ஒன்று வெடித்தாலும் அடுத்ததற்குப் பரவாத அளவுக்கு அறைகளுக்கிடையே வெற்றிடம். உடலில் தங்கிய மின்னூட்டம் இறங்குவதற்காக, உள்ளே நுழையுமுன் தொட்டுச் செல்ல ஓர் உலோகத் தகடு; தரையில் ரப்பர் விரிப்பு. அன்று கலந்த மருந்து அன்றே செலவாக வேண்டும். மிச்சம் வைத்து இரவைக் கழிக்கலாகாது. உற்று நோக்கின் இவ்வறை முழுவதும் இடைவெளியால் கட்டப்பட்டது எனலாம். ஆளுக்கும் ஆளுக்கும் இடைவெளி, அறைக்கும் அறைக்கும் இடைவெளி, இன்றைக்கும் நாளைக்கும் இடைவெளி.

இத்துணை நுட்பமான அறையைக் குலைப்பது எது? பலரும் கவனக்குறைவு என்பர். எம்மால் அதனை முழுதும் ஏற்க இயலவில்லை. அறை இடைவெளியை நம்பி நிற்கிறது. கூலியோ எண்ணிக்கையை நம்பி நிற்கிறது. எத்தனைக் குழாய் உருட்டினாய், எத்தனை வெடிக்குத் திரி வைத்தாய், எத்தனைப் பெட்டி அடைத்தாய் என்னும் கேள்விக்கு விடையாகவே காசு வருகிறது. தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்துக்குக் கூலியில்லை. கை வேகமாகப் போனால் இரவு அடுப்பெரியும். பண்டிகை நெருங்க நெருங்க ஆணை குவிகிறது. நால்வர் அறையில் மேலும் சிலர் நுழைகின்றனர். இடம் போதாவிடில் மரத்தடியில் அமர்ந்து வேலை நடக்கிறது. உராய்வு கூடாத பொருளை அவசரக் கை தொடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபர் 17 அன்று, தீபாவளிக்கு 26 நாட்களே இருந்தபோது, எம். புதுப்பட்டிக் காவல் எல்லைக்கு உட்பட்ட ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் மிகுதியானோர் பெண்கள். இவ்விபத்துகளின் காரணங்கள் ஒன்றுபோன்றவை அல்ல. அவற்றை ஒரே காரணத்தில் அடக்குவது நேர்மையன்று. ஆயினும் இரண்டும் பண்டிகைக் கால நெருக்கத்தில் நிகழ்ந்தன என்பதைக் காணாமல் இருக்க இயலாது. களைத்த கையைப் பற்றி விபத்து அறிக்கைகளில் ஒரு வரி இருந்தால் நன்று என்பது எம் எண்ணம்.

ஆகவே ஓய்வை ஒரு சலுகையாகவோ இன்பப் பொழுதாகவோ மட்டும் கருதிப் பேசுவது போதாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்று விதி வகுத்தவர்கள் எந்த நோக்கத்தில் வகுத்தனரோ, அதே நோக்கத்தில் தொழிலாளியின் ஓய்வும் வடிவமைக்கப்பட வேண்டும்.

சட்டம் இதனை அறியாததன்று. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணிநேர வேலை, வாரத்தில் ஒரு விடுமுறை, ஐந்து மணிநேரத்துக்கு மிகாத தொடர்வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினும் வார ஓய்வு என்னும் அடிப்படை மாறவில்லை. நம் மாநிலத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களையும் கூலியோடு கூடிய விடுமுறையாக்கியது. நாட்காட்டியில் சிவப்பில் அச்சிடப்படும் எண்களுள் சிலவற்றின் பின்னால் இச்சட்டம் நிற்கிறது. ஆனால் அவ்வெண்ணைச் சிவப்பாக அச்சிடுபவர்க்கும், தாள்களை அடுக்கிக் கம்பியடிப்பவர்க்கும், தாள் குழாய் உருட்டும் அவர்தம் மனைவிக்கும் அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் பொருந்துகிறது? எண்ணிக்கைக் கூலிக்காரர்க்கு விடுமுறை என்பது பல இடங்களில் வருமானமில்லா நாள் என்றே பொருள்படுகிறது. தீபாவளி முடிந்தபின் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கின்றன. வெளியூரார் அதனை நீண்ட ஓய்வு என்பர். அவ்வாரங்களில்தான் முன்பணம் வாங்கப்படுகிறது. அடுத்த ஆண்டின் உழைப்பு அப்போதே அடகு வைக்கப்படுகிறது. அச்சத்தோடு கழியும் பொழுதை ஓய்வு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இதில் பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. ஆலையில் முடியாத வேலை வீட்டுக்கு வருகிறது. கூடத்தின் ஒரு மூலையில் தாள் குழாய்கள். மறு மூலையில் பிள்ளையின் வீட்டுப்பாடம். பல்லாங்குழி ஆடிய திண்ணை பசைக் கிண்ணத்துக்கு இடமாகிவிட்டது. வேலையிடத்திற்கும் வீட்டிற்கும் இடையே பட்டாசு அறைகளுக்கு நடுவே உள்ளதுபோல் ஒரு வெற்றிடம் இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

சிறு பொருள் ஒன்று சட்டத்தையே மாற்றிய வரலாறு நமக்கு அருகில் உண்டு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்த பெண்கள், உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினர். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைப் பணியாளர் அனைவர்க்கும் இருக்கை தரவேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு முக்காலி! தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து முடிக்கும் பொருள். அதனைக் கொடுக்கும்படி சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. சென்னைத் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு முக்காலி எதுவோ, எம். புதுப்பட்டியில் அமர்ந்தே கூன் விழுந்த பெண்ணுக்கு அது எழுந்து நடக்கக் கூலியோடு கூடிய கால்மணி நேரம். மருந்தறையிலிருந்து தொலைவில் நிழலும் காற்றும் குடிநீரும் உள்ள ஓர் ஓய்வுக் கொட்டகையும், அங்குச் சென்றுவரும் நேரத்துக்கு வெட்டப்படாத கூலியும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று வீண்; கூலி வெட்டப்படும் எனின் கொட்டகையில் எவர் போய் அமர்வார்?

ஊர்ப் பெரியோர் சிலர் இதற்கு மறுப்புரைப்பர். "வேலை இருப்பதே பெரிது, இதில் ஓய்வு வேறா?" என்பர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரிய உப்புக்களுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின், சரம் பின்னியே பிழைத்த கைகள் பல வேலையின்றி நின்றன. ஆணை குறைந்தால் ஆலை உடையவர்க்கும் இழப்பே. தொழிலாளரும் கூடுதல் வேலை வேண்டும் என்றே கேட்கின்றனர். ஓய்வு வேண்டும் என்று கேட்பவர் குறைவு. ஆனால் ஒருவர் கேட்காததனால் அது அவர்க்குத் தேவையில்லை என்றாகாது. பசித்தவன் முதலில் சோறு கேட்பான், பாய் கேட்கமாட்டான். இரண்டு ரூபாய்த் தீப்பெட்டியில் சில காசுகள், பல நூறு ரூபாய்ப் பட்டாசுப் பெட்டியில் சில ரூபாய்கள் கூடினால் ஓய்வுக்கான கூலி தேறும் என்றே நாம் கருதுகிறோம். வாங்குவோர் அதனைப் பொறுப்பர், பொறுக்கவும் வேண்டும்.

சிறு மகிழ்ச்சிகளுக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. வாரக் கூலி கைக்கு வந்த மாலையில் சாத்தூர்க் காராச்சேவும், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும், பிள்ளைகளுக்குத் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவோர் முகத்தில் உள்ள களிப்பைக் காணாதவர் யார்? அது கையில் காசும் முன்னால் ஒரு வெறும் நாளும் சேர்ந்திருப்பதால் வரும் களிப்பு.

இறுதியாக, கல்விக்கூடங்களாகிய நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. ஆடிப் பதினெட்டில் சிவகாசியில் புதிய நாட்காட்டி மாதிரிகள் வெளியாகின்றன. அப்போதே ஆணை தரலாம். ஆனால் நிறுவனங்களும் சங்கங்களும் ஜமாஅத்துகளும் மார்கழி பிறக்கும்வரை வாளாவிருந்துவிட்டு, நான்கே நாளில் ஆயிரம் பிரதி வேண்டும் என்று அச்சகத்தை நெருக்குகின்றன. விழா மலர்களின் கதையும் அதுவே. நம் அவசரம் அங்கே ஒருவருடைய இரவாக மாறுகிறது. இனி நம் துறை வெளியீடுகள் விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே அச்சேற வேண்டும் என்பது எம் பரிந்துரை.

மாணவர்க்கும் ஒன்று. நம் வகுப்புகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உள்ளனர். கோடை விடுமுறையில் அவரவர் ஊரில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து வருமாறு கேட்கிறோம். கட்டை அடுக்குதல், திரி வைத்தல், சரம் பின்னுதல் என வேலைக்கு எத்தனைச் சொற்கள், இளைப்பாறலுக்கு எத்தனைச் சொற்கள் என எண்ணிப் பார்க்கலாம். சொல் சேகரிக்கச் செல்லும்போது தாயிடமும் அத்தையிடமும் ஒரு கேள்வியும் கேட்டு வாருங்கள்: கூலி வெட்டப்படாமல் நீங்கள் கடைசியாக வீட்டில் இருந்த நாள் எது? விடையைத் தேதியோடு குறித்து வாருங்கள். அடுத்த மலரில் வெளியிடுவோம்.